பொங்கல் விருந்துக்கு மாஸ்டரைக் கூப்பிட்டு வளாகத்திலேயே சமைப்பது: ஆறு விருந்து பார்த்த அனுபவம்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பொங்கல் லீவுக்கு முந்தின வேலை நாளில் எல்லோருக்கும் மதியம் பிரியாணி போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். 2019 ஜனவரியில் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. மொத்தம் 420 பேர், முக்கால்வாசி பெண்கள். வாலாஜா, ஆற்காடு, சோளிங்கர், காவேரிப்பாக்கம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள்.

முதல் இரண்டு வருடம் கேட்டரிங்காரர் வைத்த பஃபே. 2021-இல் கொரோனாவால் பொட்டலம். 2022-இல் ஓமிக்ரான் வந்து விருந்தே இல்லை. 2023 முதல் 2025 வரை மூன்று முறையும் பிரியாணி மாஸ்டரைக் கூப்பிட்டு வளாகத்திலேயே அடுப்பு மூட்டினோம். 200 பேருக்கு மேல் இருந்தால் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்பது என் முடிவு. 100 பேருக்குள் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், நல்ல கடையில் அண்டாவாகச் சொல்லி எடுத்து வந்துவிடலாம்.

பஃபேயை ஏன் விட்டேன் என்றால், 2020-இல் நடந்த விஷயம்தான். பெண்கள் அதிகம், கிலோவுக்குப் பத்துப் பேர் என்று வைத்தால் தாராளம் என்றார் கேட்டரிங்காரர். நானும் சரி என்றேன். கடைசிப் பந்தியில் சுமார் 60 பேருக்கு வெறும் சோறும் தயிர் வெங்காயமும்தான் மிஞ்சியது. அவசரமாக முட்டை வாங்கி அவித்துக் கொடுத்தோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் சாப்பாடு எங்கே போகிறது என்று கவனித்தேன். தையல் பிரிவு அக்கா ஒருவர் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் காலையில் கொண்டுவந்த டிபன் பாக்ஸில் அமுக்கி வைத்துக்கொண்டிருந்தார். லெக் பீஸ் மேலே இருந்தது. "பசங்க கேக்கும் மேடம்" என்றார். சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் அதையே செய்கிறார்கள். இதை யாரும் தவறு என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் மதியம் ஒரு மணிக்கு அடைத்த கறிச்சோறு, ஏழு மணிக்குத்தான் வீடு போய்ச் சேரும். சூடாக வைக்கிற சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவது என்பதால் எனக்குப் பயமாகவே இருந்தது.

வளாகத்தில் சமைக்க ஆரம்பித்ததும் இதற்கு வழி கிடைத்தது. 2025-இல் அசைவம் 300 பேருக்கு. 18 கிலோ அரிசி வீதம் நான்கு அண்டா. இரண்டு அண்டா மதியத்துக்கு, கிலோவுக்குச் சுமார் எட்டுப் பேர் கணக்கு. மற்ற இரண்டும் வீட்டுக்கு. அவற்றை மூன்றரை மணிக்குத்தான் தம் போட்டார்கள். நான்கே முக்காலுக்கு உடைத்து, ஆவி பறக்கப் பறக்கப் பொட்டலம் கட்டி, பஸ் ஏறும்போது கையில் கொடுத்தோம். தயிர் வெங்காயம் வீட்டுப் பொட்டலத்தில் கிடையாது, அது முதலில் புளித்துவிடும். மதியம் தட்டில் இருந்ததை டிபன் பாக்ஸில் அமுக்கும் அவசியம் அதோடு போயிற்று. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மாஸ்டர் ஆம்பூர் பக்கத்துக்காரர். சீரகச் சம்பா, ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி, சரிக்குச் சரி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறத்துக்கும் காரத்துக்கும். அரிசியைத் தனியாக முக்கால் பதம் வடித்து, மசாலாவில் கொட்டி, மூடிமேல் தணலை அள்ளிப் போடுவார். பரிமாறும்போது கரண்டி எடுக்கவே மாட்டார். சின்னத் தட்டை அண்டாவின் ஓரமாகச் சொருகி அடிவரை இறக்கித் தூக்குவார். சோறு உடையாது, அடியில் இருக்கும் கறியும் எல்லாத் தட்டுக்கும் வரும். முதல் வருடம் மட்டன் ஒரு அண்டா, சிக்கன் ஒரு அண்டா என்று வைத்தோம். யாருக்கு மட்டன் என்று மனத்தாங்கல் வந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் சிக்கன்தான்.

இந்தப் பக்கத்தில் இலையில் என்ன கறி என்பது சின்ன விஷயம் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் உண்டா என்பதே பெரிய சர்ச்சையானது, பிறகு விழாவே தள்ளிவைக்கப்பட்டது. அதனால் மாஸ்டரைப் பேசுவதற்கு முன்னால் லைன் லைனாகப் போய் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

அதிலும் இது மார்கழி மாதம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டிய பெண்கள் என்று எங்களிடம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட சைவம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இது தெரியாது. முதல் வருடங்களில் அதே ஆட்கள், அதே கரண்டியில் கிளறிய வெஜ் பிரியாணியைத்தான் வைத்தார்கள். மாலை போட்டவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் அது விருந்து நாள்தானே? இப்போது வாலாஜாவிலிருந்து தனிச் சமையல்காரர், தனி அடுப்பு, தனிப் பாத்திரம், கேன்டீனின் அந்தக் கோடியில். சர்க்கரைப் பொங்கல், சாம்பார், இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய். வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது இதுதான். சின்னக் காய், வதங்கினாலும் குழையாது. அசைவப் பந்தியிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். வீட்டுச் சமையல் மட்டுமே சாப்பிடும் விரதக்காரர்களுக்குப் பழமும் வெல்லமும் பையில் போட்டுக் கொடுக்கிறோம்.

2024-இல் விருந்து நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காக ஒரு அண்டாவைத் திறக்காமலே வைத்திருந்தோம். மீந்ததை எடுத்து வைப்பதும், அவர்களுக்கென்று புதிதாகத் திறப்பதும் ஒன்றில்லை.

அடுப்பு வைக்கும் இடம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷூ கம்பெனியில் பசையும் சால்வெண்டும் இருக்கும், ஒரு பொறி போதும். நாங்கள் கிடங்கிலிருந்து தள்ளி, பஸ் நிற்கும் திடலின் மூலையில், காற்று கிடங்குப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்துத்தான் மூட்டுகிறோம். மணல் வாளி, தீயணைப்பான், தணல் ஆறும்வரை நகராத ஒரு ஆள். இந்த இடம் அமையாவிட்டால் விறகடுப்பை மறந்துவிடுங்கள்.

தட்டு விஷயம்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் கப்பும் தடை. எங்கள் முதல் விருந்து அதே மாதம் என்பதால் வாங்கி வைத்த கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்தோம். இப்போது பாக்குமட்டைத் தட்டு. இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா, ஆளுக்கு ஒன்று. ஜீரா கசியும், அதனால் தனித்தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். யாரை வைத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2025-இல் வீட்டுப் பொட்டலமும் சேர்த்துத் தலைக்கு 260 ரூபாய்க்குள் அடங்கியது. இன்னும் சரியாகாதது கை கழுவும் இடம்தான். நான்கு குழாய்தான் இருக்கிறது, பந்தி முடிந்ததும் வரிசை வாசல்வரை நிற்கிறது. திடல் பக்கம் இன்னும் ஆறு குழாய் போட எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிளம்பர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார்.