65 அங்குலத் திறன்பலகை: மலையகப் பாடசாலைக்குத் தோதுதானா?

பழைய மாணவர் சங்கமோ நன்கொடையாளரோ திறன்பலகை (தொட்டு இயக்கும் பெரிய திரை) வாங்கித் தருவதாகச் சொன்னால் முதலில் சுவரைப் பாருங்கள். 65 அங்குலப் பலகை ஏறக்குறைய 40 கிலோ. பழைய தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் பலவற்றில் வகுப்புகளைப் பிரிப்பது அரைச்சுவரோ தட்டியோதான்; அது இந்தப் பாரத்தைத் தாங்காது. சில்லு வைத்த ஸ்டாண்டோடு சேர்த்தே கேளுங்கள். கீழ்விளிம்பு தரையிலிருந்து 80 சென்ரிமீற்றரில் நின்றால் தரம் 6 பிள்ளைக்கும் கை எட்டும்.

படத்தில் குறை சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்திலும் பழைய புரொஜெக்டரை விடத் தெளிவு. தொடுகைதான் சண்டித்தனம் பண்ணும். பெரும்பாலானவை அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை. சட்டத்தின் ஓரத்தில் சோக்குத் தூள் படிந்தாலோ வெயில் நேரே விழுந்தாலோ, கை வைக்காத இடத்தில் கோடு விழும். பழுது என்று பதற வேண்டாம். நிறுத்திவிட்டு நான்கு ஓரத்தையும் காய்ந்த துணியால் துடைத்து மறுபடி போடுங்கள். கரும்பலகைக்கு ஒட்டினாற்போல வைத்தால் இந்தத் தொல்லை தினமும் வரும்.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இன்னொன்று: இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கண்ணாடியில் வகுப்பு நிறைந்த பிள்ளைகளின் மூச்சு பட்டு நீர் கோக்கும். ஜன்னலைத் திறந்து, ஈரம் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். மின்பாய்ச்சலைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். புவித்தொடுப்பு (எர்த்) சரியில்லாவிட்டால் அது பேருக்குத்தான். பிளக்கோடு இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பலகையின் ஒலிபெருக்கியால் பயனில்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளைப் பலகையில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். கணினியிலேயே பீடிஎஃப் ஆக்கிக் கொண்டுவந்தால் தப்பலாம். திருத்தவும் வேண்டுமானால் யுனிகோடுக்கு மாற்றுங்கள். சிக்னல் இல்லாத தோட்டங்களுக்கு, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளப் பாடங்களில் பதிவிறக்க முடிந்தவற்றை முன்கூட்டியே பென் டிரைவில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

இனி முக்கியமான விசயம். 2007 பாடத்திட்ட மாற்றத்திலிருந்தே ஆசிரியரின் வகிபாகம், சொல்லிக்கொடுப்பவர் என்பதிலிருந்து கற்க வழிகாட்டுபவர் என்று மாற வேண்டும் என வழிகாட்டி நூல்கள் சொல்லி வருகின்றன. இந்தப் பலகை அதைத் தானாக மாற்றிவிடாது. கவனியாவிட்டால் பின்னோக்கி இழுக்கும். முழுப் பாடவேளையும் வீடியோ ஓடினால் ஆசிரியர் ஒப்பரேட்டர், பிள்ளை பார்வையாளர். நன்றாகப் பயன்படுத்தும் விதம் வேறு. மகாவலிப் பாடம் என்றால் கொத்மலை நீர்த்தேக்கத்திலிருந்து கிழக்கே திருகோணமலையின் கொட்டியார் குடாவரை வரைபடத்தை நகர்த்திக் காட்ட 7 நிமிடம் தாராளம். பிறகு திரையைக் கறுப்பாக்கி, ஆற்றின் பாதையைக் கொப்பியில் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். ஆசிரியர் வரிசைக்குள் இறங்கி நடந்தால், ஆற்றை மேற்கே திருப்பிக் கொழும்புக்கு அனுப்பிய பிள்ளை யாரென்று உடனே தெரியும். அதைத் திரை கண்டுபிடிக்காது.

விஞ்ஞானம், புவியியல், கேத்திரகணிதம் ஆகியவற்றுக்குக் காசு வீண் போகாது. தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்க வேண்டாம். வழுக்கும் கண்ணாடியில் விரலால் இழுத்துப் பழகுவது பென்சில் பிடிக்க உதவாது.

விற்பவர் தரும் விளக்கம் பொத்தான்களோடு முடிந்துவிடும். இரண்டு பாட ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடம் நடத்திப் பார்க்கும்வரை ஆளை அனுப்பாதீர்கள். அறைச் சாவியையும் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டாமல் ஆசிரியர் ஓய்வறையில் தொங்கவிடுங்கள்.