பெயர்ப் பலகை இல்லாத அலைன்மென்ட் கடையும் என் இடது முன் டயரும்

கோர் தெ கார்த் மலை முருகனைப் பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்தபோது மைத்துனர்தான் கவனித்தார். வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்து விட்டிருந்தேன் போல, முன் சக்கரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. "மச்சான், டயர்ல கம்பி தெரியுது" என்றார். குனிந்து பார்த்தால் வெளிப்பக்கமும் நடுப்பக்கமும் பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கின்றன, உள்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, எஃகு இழை பளபளக்கிறது. வாங்கி 11,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

வண்டி ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் ஆகி வந்த நிஸான் மார்ச். மொரீஷியஸில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒன்று நிற்கும், அந்த ரகம். டயர் வாங்கிய இடத்திலேயே அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கிற கோணத்தை அளந்து திருத்துவது) செய்தார்கள், அதாவது செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். பத்து நிமிடத்தில் வண்டி வெளியே வந்துவிட்டது, அளவு போட்ட தாள் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது, ரோடுதான் அப்படி என்று விட்டுவிட்டேன். இப்போது டயரோடு திரும்பிப் போனால், "டயர் குவாலிட்டி அப்படி, இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அவர்களே விற்ற டயர்! அந்த இடத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

இனி நல்ல கடை. காத்ர் போர்னில் லா லுயீஸ் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, சுவரில் நீலப் பெயிண்டில் 'பாரலலிஸ்ம்' என்று மட்டும் பிரெஞ்சில் எழுதியிருக்கும், அலைன்மென்ட்தான் அது. நடத்துகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர், எல்லோரும் தொந்தோன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கிரியோலில் மாமா. நம்ம ஆள்தான், பேச்சு முழுக்கக் கிரியோல், நான் தமிழ் வாத்தியார் என்று தெரிந்ததும் "வாங்க, உக்காருங்க" என்று இரண்டு வார்த்தை எடுத்துவிட்டார். உட்கார நாற்காலி இல்லை என்பது வேறு விஷயம்.

வண்டியை நேராக மெஷினில் ஏற்றுவார் என்று நினைத்தேன். இருபது நிமிடம் மெஷின் பக்கமே போகவில்லை. முதலில் சொந்த கேஜை எடுத்து நாலு டயரிலும் காற்று பார்த்தார். கதவுச் சட்டத்து ஸ்டிக்கர்படி 33 psi இருக்கணும், இடது முன்னால் 25, வலது முன்னால் 32. "இதோட அலைன்மென்ட் பண்ணினா, சரிஞ்ச வண்டியைத்தான் அளப்போம்" என்றார். அப்புறம் டயர் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவினார், என் கையையும் பிடித்துத் தடவச் சொன்னார். ஒரு திசையில் வழுக்குகிறது, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி கீறுகிறது. அது டோ கெட்டுப்போனதன் அடையாளமாம். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதுதான் டோ. நின்றுகொண்டு உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். பெருவிரல்கள் உள்நோக்கித் திரும்பினால் டோ-இன், வெளியே விரிந்தால் டோ-அவுட். என் வண்டி விரிந்து நின்றிருக்கிறது, அதனால்தான் உள்விளிம்பு தேய்ந்தது. காற்று குறைந்திருந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடு தேயும், அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்கணும் என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டே ஜாக்கி வைத்தார்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினதும் 'டக் டக்' என்றது. இடது டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேருகிற மூட்டு, லூஸ். "இதை மாத்தாம மெஷின்ல என்ன பச்சை காட்டினாலும், நீ கேட்டைத் தாண்டுறதுக்குள்ள மாறிடும்" என்றார். அப்போதுதான் எனக்குப் பழைய கடையின் பத்து நிமிடம் உறைத்தது. இடதில்தான் கோளாறு என்பதிலும் ஆச்சரியமில்லை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், மழை பெய்தால் சாலையின் ஓரம்தான் முதலில் பெயரும், அந்தக் குழியில் விழுவதும் இடது சக்கரம்தான். குழிக்கு இங்கே பிரெஞ்சில் 'நீ தெ பூல்', கோழிக்கூடு. எங்கள் தெருவில் இருப்பதில் கோழி இல்லை, ஆடே படுக்கலாம்.

அவரிடம் டயர் விற்பனை கிடையாது. வெளியே வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். நாலும் மாற்றவா என்று கேட்டதற்குப் பின்னால் இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு போதும், புதுசு இரண்டையும் பின்னால் போடு, பின்னால் இருப்பது முன்னால் வரட்டும் என்றார். எனக்குத் தலைகீழாகப் பட்டது. க்யூர்பிப் பக்கம் மழையில் மோட்டார்வேயில் போகும்போது முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும் என்று விளக்கினார். டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன என்று பிறகு படித்தேன்.

மறுநாள் டயரும் டை ராட் எண்டும் மாற்றின பிறகுதான் மெஷினில் திருத்தினார். நாலு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானட்டை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டினார். மாற்றுவதற்கு முன்பே பழைய டை ராட் எண்டோடு எடுத்து வைத்திருந்த அளவையும் புதியதையும் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தார். இடது சக்கரத்தில் டோ-அவுட் 0.30 டிகிரி இருந்திருக்கிறது. கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன் (வாத்தியார் புத்தி): ஒரு கிலோமீட்டர் உருளும்போது அந்த டயர் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பதினோராயிரம் கிலோமீட்டருக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கம்பி தெரியாமல் என்ன செய்யும்?

கேம்பரும், அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வும், இடதில் கொஞ்சம் கூடுதல், மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. ஆனால் கம்பெனி சொன்ன வரம்புக்குள்தான். இந்த வண்டியில் அதைத் திருத்த ஏற்பாடே கிடையாது, மெலிந்த போல்ட் வாங்கிப் போட்டால் கொஞ்சம் நகர்த்தலாம், அவசியமில்லை, அந்தக் காசை உண்டியலில் போடு என்றார். பின் சக்கரங்களையும் அளந்தார், அவற்றைத் திருத்த வழியில்லை, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பீம். திருத்த முடியாததை ஏன் அளக்கணும் என்றால், பின் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்தால்தான் முன்னால் சரியாக வைக்க முடியும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கோணலாகத்தான் நிற்கும் என்றார். பின்னால் வேலை செய்யாததால் முன்பக்கத்துக்கு மட்டுமே காசு.

கடைசியாக ஒன்று. இடது டயரின் வெளித்தோளிலும் லேசான தேய்மானம் இருந்தது. அதற்கு அலைன்மென்ட் காரணமில்லையாம். இந்தத் தீவில் எங்கே போனாலும் ரவுண்டபவுட், எல்லாவற்றையும் வலஞ்சுழியாகத்தான் சுற்றுகிறோம், பிரதட்சிணம் மாதிரி. ஒவ்வொரு தடவையும் பாரம் இடப்பக்கம் சாய்கிறது, இடது முன் டயரின் வெளித்தோள்தான் அதைத் தாங்குகிறது. வேகத்தைக் குறைத்துச் சுற்று, 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்று என்றார்.

அலைன்மென்ட் 900 ரூபாய், டை ராட் எண்ட் மாற்றக் கூலி 500, சாமான் விலை தனி. தொட்டது டோ ஒன்றைத்தான், தொள்ளாயிரமா என்று கேட்டால், அந்த இருபது நிமிடக் கைவேலைக்கு நான் இரண்டு மடங்குகூடக் கொடுப்பேன். குறைகளும் இருக்கின்றன. போனை எடுக்கவே மாட்டார். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார், அன்று காலை போனால் உங்களுக்கு முன்னால் ஆறு வண்டி. பேலன்சிங் மெஷின் இல்லை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால் அவரிடம் போய்ப் பயனில்லை. பணத்தைப் போனில் ஜூஸ் ஆப்பில் அனுப்புகிறேன் என்றால் கையை விரிப்பார், ரொக்கம் மட்டும். ஆயிரம் ரூபாய் நோட்டைக் கொடுத்தபோது அதிலிருக்கும் தமிழ் எண்ணைக் காட்டிப் படிக்கச் சொன்னார், படித்தேன், தள்ளுபடி கிடைக்கவில்லை. வாசலில் கட்டியிருக்கும் நாய் குரைப்பதோடு சரி.

இப்போது 5,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது. சின்ன அளவுகோல் ஒன்று வாங்கி வைத்து மாதாமாதம் பள்ளம் அளக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். நேற்று இடது முன் டயரில் உள்ளே 4.8 மில்லிமீட்டர், நடுவில் 4.9, வெளித்தோளில் 4.6. அந்த 4.6 ரவுண்டபவுட்டின் கணக்கு, தொந்தோன் பொறுப்பில்லை.