வன்னியில் ஒரு துப்பறியும் பெட்டை: 1803 நல்லதா, 1905 நல்லதா?

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியைக் களமாக வைத்துப் பதின்ம வயதினருக்கு ஒரு வரலாற்றுத் துப்பறியும் நாவல் எழுதுவதென்றால் எந்தக் காலத்தை எடுப்பது? துப்பறிபவள் பதினான்கு வயதுக் கெட்டிக்காரி. அதில் மாற்றமில்லை.

எல்லாரும் முதலில் சொல்வது 1803. வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25இல் அவர்களின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றான். அவனைக் காட்டிக்கொடுத்தவன் இன்னொரு சிற்றரசன் காக்கை வன்னியன் என்று கூத்தும் நாடகமும் ஊருக்கே சொல்லிவிட்டன. குற்றவாளி யாரென்று முதற்பக்கத்துக்கு முன்பே தெரிந்தால் வாசகருக்கு என்ன வேலை? சரி, அந்தப் பழியையே ஒரு பெட்டை சந்தேகிக்கட்டும். அப்போது கதை சூடுபிடிக்கும். அந்தச் சண்டை நடந்த கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல்லும் பண்டாரவன்னியன் தோற்றதைத்தான் சொல்கிறது, செத்ததாகச் சொல்லவில்லை. ஆனால் பாசறைக்குள் அவள் எப்படிப் போவாள்? ஆண்வேடம் போடவைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பெட்டையாக இருப்பதாலேயே அவளுக்குத் துப்புக் கிடைக்கவேண்டும்.

1905இல் அது கிடைக்கிறது. வடக்கு ரயில்பாதை முழுதாகத் திறந்த ஆண்டு அது. அதுவரை யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே தரைவழியாகப் போவதென்றால் மாட்டுவண்டியும் காடும் காய்ச்சலும்தான். மாங்குளம் ஸ்டேசன் மாஸ்டரின் மகள், உடுவில் மகளிர் விடுதிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று வைப்போம். பின் விறாந்தையில் அரிசி புடைக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தந்திக் கருவி தட்டுகிறது. கேட்டுக் கேட்டே அவளுக்கு அந்தத் தட்டல் எழுத்தாகிவிட்டது. காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் பெட்டி ஒன்று, முத்திரை உடையாமலே வெறும் உமியோடு வந்து சேர்கிறது. ‘நான் இரவுக் கோச்சியில் வந்தேன், எனக்கென்ன தெரியும்’ என்கிறார் ஒருவர். பாதையோ ஒற்றைப்பாதை; எதிரெதிரே வரும் இரண்டு கோச்சிகளில் ஒன்று ஸ்டேசனில் ஒதுங்கி நின்றே ஆகவேண்டும். அன்றிரவு எது எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் தந்தித் தட்டலில் அவள் காதில் விழுந்திருக்கிறது. பொய் அங்கே உடைகிறது. எந்தச் சண்டையும் இல்லாமல், காதாலும் கணக்காலும் பிடிக்கிறாள். இந்தச் சுகம் 1803இல் இல்லை.

உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தை எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விடை வராத அந்தத் துயரத்தை யாரும் விளையாட்டுப் புதிராக்கக்கூடாது. வேறு வகை நாவலுக்கு உரியது அது.

ஆகவே முதற்புத்தகம் 1905. அது ஓடினால் அடுத்தது 1803, காக்கை வன்னியன் வீட்டுப் பெட்டை ஒருத்தியை வைத்து. தன் வீட்டின்மேல் விழுந்த பழியை விசாரிக்க அவளுக்கு ஆண்வேடமும் வேண்டாம், பாசறையும் வேண்டாம். அடுப்படியில் வந்துபோகிறவர்களின் பேச்சே போதும்.