வெர்னியரா, டயலா, டிஜிட்டலா, மைக்ரோமீட்டரா: வீட்டுப் பட்டறைக்கு எது?

ஒரு 608 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருக்குமே, அதுதான். உள்துளை 8 மிமீ, வெளிவிட்டம் 22 மிமீ, அகலம் 7 மிமீ. சாதாரணத் தரத்தில் செய்ததிலேயே உள்துளை 8.000-ஐத் தாண்டாது, 7.992-க்குக் கீழே இறங்காது. இதற்குள் போக வேண்டிய தண்டை லேத்தில் கடைகிறீர்கள். 8.00 இருந்தால் தட்டித்தான் ஏற்ற வேண்டும். 7.99 இருந்தால் கையால் தள்ளினாலே போய்விடும். 7.96 ஆகிவிட்டால் ஆட்டம் காணும்.

இப்போது கையில் இருப்பது காலிப்பர், பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் கருவி. நல்ல காலிப்பருக்கே பிழை வரம்பு ±0.02 மிமீ அளவில்தான் இருக்கும். அது 7.98 காட்டினால் உண்மை அளவு 7.96-ஆகவும் இருக்கலாம், 8.00-ஆகவும் இருக்கலாம். அதாவது ஆடுமா, இறுகுமா என்பதை அந்தக் கருவியால் சொல்லவே முடியாது. திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதற்கும் அளவு எவ்வளவு சரி என்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கும் பணம் முழுவதையும் ஒரே உயர்ரகக் காலிப்பரில் போடாதீர்கள். நம்பகமான எளிய காலிப்பர் ஒன்று, திருகைச் சுற்றி அளக்கும் 0–25 மிமீ மைக்ரோமீட்டர் ஒன்று. இந்த ஜோடி செய்யும் வேலையை எந்தத் தனிக் காலிப்பரும் செய்யாது. மரவேலையும் 3டி பிரிண்டிங்கும் மட்டும் செய்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே 0.1 மிமீ சரியாக வந்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும், காலிப்பரே போதும்.

சரி, எந்தக் காலிப்பர்?

வெர்னியரில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. 1631-இல் பியர் வெர்னியர் வெளியிட்ட அதே அளவுகோல் உத்திதான் இன்றும்: முதன்மைக் கோலின் 49 மிமீ நீளம் நகரும் கோலில் 50 பாகங்களாகப் பிரிந்திருக்கும், மீச்சிற்றளவு 0.02 மிமீ. முதன்மைக் கோலில் 21, நகரும் கோலில் 49-ஆவது கோடு பொருந்துகிறது என்றால் 21.98. பள்ளியில் படித்ததுதான். பேட்டரி வேண்டாம், எண்ணெய் பட்டாலும் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் எடுத்தவுடன் அளக்கும். குறை கண்ணில்தான் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்ப்பது சிரமம். சாய்வாகப் பார்த்தால் பக்கத்துக் கோடு பொருந்துவதுபோலத் தெரியும். வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும் வயதில் இது சின்ன விஷயம் அல்ல. வாங்கினால் 0.02 வகையையே வாங்குங்கள். 0.05 வகை படிக்க எளிது, ஆனால் உலோக வேலைக்கு அது போதாது.

டயல் காலிப்பரை எனக்குப் பார்க்கப் பிடிக்கும், வாங்கச் சொல்ல மாட்டேன். முள் நகர்வது கண்ணுக்கு இதமாக இருக்கும், பேட்டரியும் வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது பல்சட்டமும் பல்சக்கரமும். கடைசலில் பறக்கும் ஓர் இரும்புத்துணுக்கு அந்தப் பல்லில் சிக்கினால் சக்கரம் ஒரு பல் தாவிவிடும். அதன்பின் தாடைகளை மூடினாலும் முள் பூஜ்யத்துக்கு வராது. சரிசெய்யலாம்தான், ஆனால் பொறுமை வேண்டும். உலோகத்தூள் பறக்கும் இடத்துக்கு ஏற்ற கருவி அல்ல இது.

டிஜிட்டலைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச வேண்டும், ஏனென்றால் நல்லதும் மலிவானதும் வேறு வேறு கருவிகள் போலவே நடந்துகொள்கின்றன. மலிவான பலவற்றில் அணைத்து வைத்தாலும் உள்ளே இருக்கும் மின்சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், தாடை எங்கே இருக்கிறது என்ற கணக்கு தொலையாமல் இருக்க. அதனால்தான் பயன்படுத்தாமலே பேட்டரி தீர்ந்துபோகிறது. எல்ஆர்44 பொத்தான் பேட்டரி போடும் இடத்தில் எஸ்ஆர்44 போட்டால் கொஞ்சம் நன்றாக உழைக்கும். சில்வர் ஆக்சைடு வகை என்பதால் அதன் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மின்தேக்கு முறையில் அளக்கும் கருவிகளில் கூலன்ட் (கடையும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) துளி பட்டால் எண்கள் தாறுமாறாக ஓடும். ஜப்பானிய நிறுவனமான மிட்டுடோயோவின் அப்சொல்யூட் வகை போன்றவற்றில் இடத்தை அப்படியே படித்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அணைத்துப் போட்டாலும் பூஜ்யம் மறக்காது, பேட்டரியும் நீண்ட நாள் வரும். ஆனால் கவனியுங்கள்: அங்கேயும் திரையில் தெரிவது 0.01, பிழை வரம்பு ±0.02.

டிஜிட்டலுக்கு இருக்கும் உண்மையான பலம் வேறு: எங்கே வேண்டுமானாலும் பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். உள்தாடைகளால் ஒரு துளையின் விட்டத்தை அளந்து அங்கேயே பூஜ்யம் வையுங்கள். அப்புறம் இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்தால் திரையில் நேராக மைய தூரம் வந்துவிடும். எதையும் கழிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே டிஜிட்டலை விரும்புகிறவர்களை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். 3டி பிரிண்டிங், பெட்டி செய்தல், பழைய பாகங்களைப் பார்த்து வரைதல் என்று நாள் முழுக்க அளந்துகொண்டே இருப்பவருக்கு டிஜிட்டல்தான். எப்போதாவது அளப்பவருக்கு வெர்னியர். எடுக்கும்போதெல்லாம் பேட்டரி தீர்ந்திருக்கும் கருவி எரிச்சலைத்தான் தரும்.

எந்தக் காலிப்பரானாலும் உள்தாடையைச் சின்னத் துளையில் நம்பாதீர்கள். தாடையின் விளிம்பு கத்திபோல் தெரிந்தாலும் அதற்கும் ஒரு தடிமன் உண்டு. அது அரை மிமீ இருந்தால் 3 மிமீ துளை 2.96 என்று காட்டும். தெரிந்த விட்டமுள்ள டிரில் பிட்டின் மழமழப்பான பின்பகுதியைத் துளைக்குள் விட்டுப் பார்ப்பது அங்கே இன்னும் நேர்மையான அளவு.

இனி மைக்ரோமீட்டர். காலிப்பரில் அளவுகோல் ஒரு கோட்டில் இருக்கிறது, பொருள் தாடைக்கு நடுவே வேறொரு கோட்டில் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் தாடை லேசாகச் சாயும், பிழை நுழையும். அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி இதைப் பற்றியதுதான். மைக்ரோமீட்டரில் திருகே அளவுகோல், அது பொருளின் நேர்கோட்டிலேயே நிற்கிறது. ஒரு சுற்றுக்கு 0.5 மிமீ நகரும்; தலைக்கோலில் 50 பிரிவுகள்; ஆக ஒரு பிரிவு 0.01. கோடுகளுக்கு இடையில் கண்ணால் மதிப்பிட்டால் அதற்குள்ளும் படிக்கலாம். அழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் வழுக்கிவிடும் ராட்செட் இருப்பதால் அழுத்தம் கைக்குக் கை மாறாது. நல்ல 0–25 மைக்ரோமீட்டரின் பிழை 2 முதல் 4 மைக்ரான்தான், அதாவது 0.002 முதல் 0.004 மிமீ. மேலே சொன்ன தண்டுக்கு இதுதான் பதில் சொல்லும்.

அதற்கு ஈடாக விட்டுக்கொடுப்பதும் உண்டு. 25 மிமீக்கு மேல் அளக்க அடுத்த கருவி வேண்டும். உள்துளை, ஆழம் இரண்டும் அளக்காது. வேகமும் இல்லை. எண் திரை உள்ள மைக்ரோமீட்டர் வசதிதான், ஆனால் வீட்டுப் பட்டறைக்குச் சாதாரண வகையே போதும். மிச்சத்தை நல்ல கூர்கருவிகளில் போடலாம்.

உரசிச் சூடாக இருக்கும் பாகத்தை எதனாலும் அளக்காதீர்கள். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்படுபவை. 100 மிமீ எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.012 மிமீ நீளும், அலுமினியம் அதைப்போல இருமடங்கு.

வாங்கியவுடன் சோதிக்க அந்த 608 பேரிங்கே போதும். அதன் வெளிவிட்டம் 21.991-க்கும் 22.000-க்கும் நடுவில்தான் இருக்கும். முதலில் காலிப்பரின் தாடைகளைத் துடைத்து மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளியில் ஒளிக்கோடு தெரிந்தால் தாடை இணையாக இல்லை. பிறகு பேரிங்கைத் தாடையின் நுனியில் ஒருமுறை, அடியில் ஒருமுறை வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் 0.02-க்கு மேல் வேறுபட்டால் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.