சத்துப் பவுடர் டப்பாக்கள்: நெடுந்தூர ஓட்டக்காரரின் அலமாரியில் எது தங்குகிறது?

மாரத்தான் பயிற்சியில் இரண்டு மூன்று ஆண்டு கழித்தவர்களின் அலமாரியில், தீர்ந்த டப்பாக்களைவிடப் பாதியில் கைவிட்ட டப்பாக்கள்தான் அதிகம். பிசிஏஏ, குளுட்டமைன் போன்ற அமினோ அமிலத் தூள்கள், பெயரே வாயில் நுழையாத ‘ஃபேட் பர்னர்’. சோம்பலால் விட்டதில்லை, குடித்த மாதத்துக்கும் குடிக்காத மாதத்துக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2018 அறிக்கையும், திறனை நேரடியாகக் கூட்டுவதாக நல்ல சான்று உள்ளவை என்று ஐந்தைத்தான் எண்ணுகிறது: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட் (பீட்ரூட்டில் இருப்பது), பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட். இந்த ஐந்திலும் 21 கிலோமீட்டர், 42 கிலோமீட்டர் ஓடுபவருக்கு முழுசாக உதவுவது காஃபின் மட்டும்தான்.

கணக்கு எளிது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி., ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். 60 கிலோ எடைக்கு 180 மி.கி.யில் தொடங்கினால் போதும். 6-ஐத் தாண்டினால் பலன் கூடாது; படபடப்பும் கை நடுக்கமும் மட்டும் கூடும். சிக்கல் நம் டம்ளரில் இருக்கிறது. ஃபில்டர் காபித் தூளில் 20 முதல் 40 சதவீதத்துக்கு மேல்கூடச் சிக்கரி கலந்திருக்கும். சிக்கரியில் காஃபின் துளியும் கிடையாது. முதல் டிகாஷனா, இரண்டாம் டிகாஷனா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். ஆகவே ‘ஒரு டம்ளர் காபி’ ஓர் அளவே இல்லை. சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித்தூள் 2 கிராமில் சுமார் 50 முதல் 80 மி.கி. காஃபின் வரும். அதைத் தராசில் நிறுத்து, பாலில்லாமல் குடித்துப் பழகியவர்களுக்குத்தான் பந்தய நாளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும். காபி குடித்தால் கழிப்பறை தேடும் உடம்பு என்றால், அதற்கான அரை மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலைப் பயிற்சிக்கு இது தோதில்லை: காஃபின் உடலில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை 5 மணிக்கு 200 மி.கி. போனால் இரவு 10 மணிக்கும் 100 மி.கி. உடலில் சுற்றும். தூக்கத்தைக் கெடுத்து வாங்கும் வேகம் நஷ்டக் கணக்கு. ஊக்கமருந்துப் பட்டியலில் இருந்த காஃபின் 2004-இல் நீக்கப்பட்டது. இப்போது கண்காணிப்பு மட்டும்தான்.

அடுத்தது, யாரும் ‘சப்ளிமென்ட்’ என்று மதிக்காத சர்க்கரையும் உப்பும். நெடுந்தூரத்தில் நேரத்தை உண்மையாக மாற்றுவது இதுதான். தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) ஏறத்தாழ 350 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராமுக்குள். மாரத்தான் வேகத்தில் இது முழுத் தூரத்துக்கும் தாங்காது. 30 கிலோமீட்டர் வாக்கில் கால் கல்லாவதற்கு இது முக்கியக் காரணம். ஒரு மணி முதல் இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அதற்கு மேல் நீண்டால் 90 கிராம் வரை. குளுக்கோஸை மட்டும் நம்பினால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் நின்றுவிடும். ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல் உண்டு. இரண்டும் கலந்தால்தான் 90 எட்டும். வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பதால் அதுவே ஒரு கலவைதான்.

750 மி.லி. பாட்டிலுக்கு: சர்க்கரை 45 கிராம், உப்பு 1.5 கிராம் (கால் டீஸ்பூன், தலை தட்டி), அரை எலுமிச்சம்பழச் சாறு. முதலில் கொஞ்சம் வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, ஆறியபின் மீதித் தண்ணீரும் சாறும் சேர்க்க வேண்டும். இது ஆறு சதவீதக் கரைசல். சுமார் 590 மி.கி. சோடியம் இருக்கும். வெல்லமும் ஏலக்காயும் போட்ட பானகமும் உப்புச் சேர்த்தால் இதே வேலையைச் செய்யும், வடிகட்டாவிட்டால் பாட்டில் மூடியில் அடைத்துக்கொள்ளும். தவறு நடப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான்: ‘இன்னும் கொஞ்சம் தெம்பு’ என்று சர்க்கரையை இரட்டிப்பாக்குவது. 12 சதவீதமானால் இரைப்பை அதை மெதுவாகத்தான் கீழே விடும். பத்தாவது கிலோமீட்டரில் வயிறு பானைத் தண்ணீர் போலக் குலுங்கும், பிறகு குமட்டும். ஓடும்போது பிழிந்து விழுங்கும் பாகு போன்ற சர்க்கரை ஜெல்லை, சர்க்கரை கலந்த எலெக்ட்ரோலைட் பானத்தோடு விழுங்கினாலும் இதே கதி. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான் சரி. ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், ஆகவே மணிக்கு இரண்டு. குடலுக்கும் பயிற்சி வேண்டும். வாரக் கடைசி நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் 60-க்குக் கொண்டுவர வேண்டும்.

ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பந்தயப் பானமாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், உப்பு 2.6 கிராம். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து. நீர் ஏற்றும், எரிபொருள் தராது. ஓட்டம் முடிந்து, வெயிலில் துவண்டு உட்கார்ந்திருக்கும்போது அது அருமை.

சென்னைப் புழுக்கத்தில் எவ்வளவு குடிப்பது? வியர்வையை அளப்பதற்குக் கருவி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, வெற்றுடம்பில் எடை பார்த்து, ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்து, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். இதை முழுசாக ஈடுகட்டத் தேவையில்லை. எடை கூடித் திரும்பினால்தான் அபாயம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. அவர்களிடம் கண்ட முக்கிய அறிகுறி ஓட்டத்தின்போதே எடை கூடியிருந்ததுதான். உப்பு மாத்திரை விழுங்கினோம் என்ற தைரியத்தில் தண்ணீரைக் கண்டபடி குடிப்பது இதைத் தடுக்காது. ஜெலட்டின் உறையிட்ட அந்த உப்பு மாத்திரைகளை நிஜார் பாக்கெட்டில் அப்படியே போட்டால் வியர்வையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கோந்தாகிவிடும். சிறு ஜிப் கவரில் வைத்தால் தாங்கும்.

இரும்புச்சத்து தனி வகை. குறைவாக இருப்பவருக்கு இதைவிடப் பெரிய மாற்றம் தரும் மாத்திரை கிடையாது. போதுமான அளவு இருப்பவருக்குப் பலன் இல்லை, கூடினால் கல்லீரலுக்குக் கேடு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம், முக்கியமாகப் பெண்களுக்கு. இரண்டையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தின் மறுநாளோ காய்ச்சலிலோ எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். மருத்துவர் எழுதிக் கொடுத்தபின் எப்போது விழுங்குவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஓடியபின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உச்சிக்குப் போய்க் குடலின் கதவைச் சாத்திவிடும். அதனால் ஓட்டம் முடிந்து அரை மணிக்குள், எலுமிச்சைச் சாறுடன். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தினமும் போட்டு வயிறு கட்டிக்கொள்பவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாளைக்கு மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஒவ்வொரு மாத்திரையிலும் உறிஞ்சப்படும் பங்கு அப்போது கூடுகிறது. மலம் கறுப்பாவது இயல்பு.

கிரியேட்டினுக்கு நாளைக்கு 3 முதல் 5 கிராம், நான்கு வாரத்தில் தசை நிரம்பும். முதலில் ஒன்றிரண்டு கிலோ நீர் எடை ஏறும். 400 மீட்டர் ஓட்டம், கபடி, பளு தூக்கல் இவற்றுக்கு நல்லது, மாரத்தானுக்குச் சுமை. இறைச்சி தின்னாதவர்களுக்குப் பலன் சற்றுத் தூக்கலாகத் தெரியும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையறியப் பார்க்கும் கிரியேட்டினின் கூடிக் காட்டலாம்; சாப்பிடுவதை முன்பே சொல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டதோ என்ற வீண் பயம்தான். இரவே கரைத்து வைக்கக் கூடாது, கரைசலில் மெல்லச் சிதையும். டப்பாவை அடுப்படியில் திறந்து போட்டால் மழைக்காலத்தில் கட்டி கட்டியாகி, ஸ்கூப் அளவு பொய்யாகும்.

பீட்ரூட் சாறு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டும். நைட்ரேட்டை மாற்றித் தருவது நாக்கில் வாழும் பாக்டீரியா. காலையில் மவுத்வாஷ் கொப்பளித்தால் குடித்தது வீண். பயிற்சி ஏற ஏற இதன் பலன் மங்குவதும் உண்மை. ஆப்ப சோடாதான் சோடியம் பைகார்பனேட்: கிலோவுக்கு 0.3 கிராம் என்றால் 60 கிலோவுக்கு 18 கிராம். ஒன்று முதல் ஏழு நிமிடம் வரையிலான கடும் முயற்சிக்கு உதவும், வயிறு சம்மதித்தால். பலருக்குச் சம்மதிப்பதில்லை, ரத்த அழுத்தக்காரர்கள் தொடவே கூடாது. பீட்டா-அலனினும் குறுகிய நேரப் பந்தயச் சரக்குதான், தோல் ஊசி குத்துவது போலச் சுர்ரென்னும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் புரதம், நான்கு முட்டைக்குச் சமம். சோறு மட்டும் மலையாகக் குவியும் தட்டுக்கு அது வசதி, மந்திரம் இல்லை.

போட்டிகளில் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்குக் கணக்கே வேறு. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிச் சோதித்த 634 சப்ளிமென்ட்களில் 94-இல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு சார்ந்த தடைப்பொருள் இருந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன் இந்திய வீரர்கள் சிலர் மெத்தில்ஹெக்ஸேனமின் என்ற தடை செய்யப்பட்ட ஊக்கப்பொருளில் சிக்கினார்கள். அப்போதைய ‘ப்ரீ-ஒர்க்அவுட்’ பவுடர்களில் பரவலாக இருந்த பொருள் அது. தெரியாமல் உடம்புக்குள் போனது என்றாலும் பொறுப்பு வீரருடையதுதான். டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருப்பது உணவு வணிக உரிமத்தைத்தான் காட்டும். தடைப்பொருள் சோதனையைக் காட்டாது. அதற்கு இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை வேண்டும். டப்பாவின் பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். எண் பொருந்தினால் மூடியையும் லேபிளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டப்பா தீரும்போது ஒரு கரண்டித் தூளை அதிலேயே மிச்சம் வைத்திருப்பது நல்லது; பின்னால் சோதனையில் சிக்கினால் அதுவே ஆதாரம்.