உள்நாட்டு ஷேல் எரிவாயு, நிலக்கரி, எல்என்ஜி, சோலார்: நாட்டின் கார்பன் கணக்கில் எது தேறும்?

மின் உற்பத்திக்கு ஷேல் எரிவாயு (களிப்பாறைக்குள் சிக்கிக் கிடக்கும், பெரும்பாலும் மீத்தேனால் ஆன இயற்கை எரிவாயு) நல்லதா கெட்டதா என்ற விவாதம் பெரும்பாலும் மின் நிலையப் புகைபோக்கியைச் சுற்றியே நடக்கிறது. விடை இருப்பதோ கிணற்றுக்கும் டர்பைனுக்கும் நடுவில்.

முதலில் நிலக்கரி. 55 சதவீதத் திறனில் ஓடும் கம்பைண்ட் சைக்கிள் (எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தால் நீராவி டர்பைனையும் ஓட்டும்) எரிவாயு நிலையம், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 131 கிராம் மீத்தேனை எரித்து 360 கிராம் கார்பன் டை ஆக்சைடை விடும். 42 சதவீதத் திறனுள்ள நவீன நிலக்கரி நிலையத்தில் இது 800 கிராம். பாதிக்கும் குறைவு என்பதால் எரிவாயு ஜெயித்துவிட்டது போலத் தெரியும். ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 82.5 மடங்கு சூடேற்றும். 100 ஆண்டுக் கணக்கில் 29.8 மடங்கு. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுத் துறையில் கசிவு 2.3 சதவீதம் என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த அளவு கசிந்தால் யூனிட்டுக்கு 3 கிராம் மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் 250 கிராம் கூடி 610 ஆகிவிடும். கசிவு 5 சதவீதமானால் 930. அப்போது நிலக்கரியே மேல்.

எங்கே கசிகிறது? ஃப்ராக்கிங் (அழுத்தத் தண்ணீரால் பாறையைப் பிளப்பது) முடிந்ததும் திரும்பி வரும் தண்ணீரோடு வாயுவும் பீறிட்டு வரும். முதல் மணி நேரத்திலிருந்தே வாயுவைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் கலன் தயாராக இல்லையென்றால் அது காற்றில் போகும். வாயு அழுத்தத்தால் இயங்கும் வால்வுக் கட்டுப்பாடுகள், வடிவமைப்பின்படியே ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் மீத்தேனை விடுகின்றன. அழுத்தக் காற்றுக்கோ மின்மோட்டாருக்கோ மாற்றினால் அது நின்றுவிடும். கம்ப்ரசர் சீல் தேய்வது, தொட்டி மூடி சரியாக அமராதது, ஃப்ளேர் (மிஞ்சும் வாயுவை எரிக்கும் சுடர்க் குழாய்) அணைந்து கிடப்பது ஆகியவையும் உண்டு. ஃப்ளேர் 98 சதவீதம் எரிக்கும் என்று ஏட்டில் எழுதுகிறார்கள். அமெரிக்க வயல்களில் அளந்து 2022-இல் வெளியான முடிவு சுமார் 91 சதவீதம்தான். சில இடங்களே கசிவின் பெரும்பகுதிக்குக் காரணம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கசிவைக் காட்டும் கேமராவோடு போய் வருவது சோதனையே ஆகாது.

அடுத்து இறக்குமதி எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு. எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்கவே அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. கப்பல் பயணம் தனி. ஆகவே கசிவை இறுக்கிப் பிடித்த உள்நாட்டுக் கிணறு பூமிக்கு நல்லதுதான். ஆனால் தேசிய உமிழ்வுக் குறைப்பு இலக்கின் கணக்கு வேறு. உமிழ்வு எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டின் பெயரில்தான் பதிவாகும். எல்என்ஜி வாங்கினால் குளிர்விக்கும் ஆலையின் புகை விற்கும் நாட்டின் கணக்கு. உள்நாட்டுக் கிணற்றுக்கு மாறினால் கிணற்றடிக் கசிவு முழுவதும் நம் கணக்கில் ஏறும், புகைபோக்கியிலோ ஒரு கிராம்கூடக் குறையாது. நாம் வாங்காத கப்பலை வேறொரு நாடு வாங்கினால் பூமிக்குக் கிடைத்த லாபமும் போச்சு.

சோலார், காற்றாலையோடு உமிழ்வில் போட்டியே இல்லை. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல், எரிபொருள் எடுப்பது, நிலையம் கட்டுவது எல்லாம் சேர்த்து யூனிட்டுக்குத் தந்த வாழ்நாள் இடைநிலை மதிப்பு: எரிவாயு 490 கிராம், பெரிய சோலார் நிலையம் 48, தரைக் காற்றாலை 11. எரிவாயுவுக்கு மிஞ்சுவது காற்றில்லாத மாலை நேரங்கள். அங்கேதான் ஷேல் பொருந்தாமல் போகிறது. ஷேல் கிணற்றின் விளைச்சல் முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் விழும்; அளவைக் காப்பாற்றப் புதிது புதிதாகத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டுமே ஓடும் நிலையத்தை நம்பி யாரும் அப்படித் துளைக்கமாட்டார்கள். நிலத்தடிச் சேமிப்பு இல்லாத நாட்டில், வந்த வாயுவைத் தீர்ப்பதற்காகவே நிலையம் கூடுதல் நேரம் ஓடும்.

இருப்பு மதிப்பீட்டை நம்பி மின் திட்டம் போடுவதும் ஆபத்து. போலந்தில் 5.3 லட்சம் கோடி கன மீட்டர் இருக்கலாம் என்று 2011-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் சொன்னது. மறு ஆண்டே போலந்தின் புவியியல் நிறுவனம் அதை 34,600 முதல் 76,800 கோடிக்குள் இறக்கியது. வணிக உற்பத்தி வரவேயில்லை. இங்கிலாந்தில் லங்காஷயரின் பிரஸ்டன் நியூ ரோடு தளத்தில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவு நிலநடுக்கம்; நவம்பரில் ஃப்ராக்கிங்குக்குத் தடை.

பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழு 2016-இல் மூன்று நிபந்தனைகள் வைத்தது: கசிவுக் கட்டுப்பாடு, மொத்த எரிவாயுப் பயன்பாடு கார்பன் பட்ஜெட்டுக்குள் (நாட்டுக்குச் சட்டப்படி வகுத்த உமிழ்வு வரம்புக்குள்) அடங்குவது, உற்பத்தியால் கூடும் உமிழ்வை வேறு துறையில் குறைப்பது. முதலிரண்டுக்கும் கருவியும் சட்டமும் உண்டு. மூன்றாவதற்கு, போக்குவரத்தோ வேளாண்மையோ எந்தத் துறை எத்தனை டன் கூடுதலாகக் குறைக்கும் என்று உரிமம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.