சூடாக்கி வைத்த எஞ்சின்: பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எனக்குப் பழைய டீசல் பிக்கப் ஒன்றை விற்றவர், எஞ்சினில் இருந்த கோளாறு நான் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு வெளியே தெரியாதபடி எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். அதற்குப் பிறகு நான் போன பட்டறை, கோளாறு எங்கே என்று அளந்துகூடப் பார்க்காமல், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டது. இரண்டு இடத்திலும் நடந்ததை விவரமாக எழுதுகிறேன். இதே வேலையை இன்னும் பலரிடம் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

வண்டியைப் பார்க்க வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." சரி என்றார். போய்ப் பார்த்தால் பானெட் சுட்டது. "கழுவுவதற்காக வெளியே எடுத்தோம் சார்" என்றார். இன்னொரு நாள் காலையில் போனேன். அன்றும் சூடு. வேறொருவருக்கு ஓட்டிக் காட்டினாராம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்ததே இல்லை, எஞ்சின் ஒருமுறைகூடச் சூடேறி நின்றதில்லை என்று குறுஞ்செய்தியாகவே எழுதி அனுப்பினார். அந்த எழுத்தின் பேரில்தான் பணம் கைமாறியது.

டீசல் எஞ்சினில் காலையின் முதல் ஸ்டார்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அதன் அளவில் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று சுருங்கும்படி நசுக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசல் தெளிக்கப்பட்டவுடன் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே கம்ப்ரஷன் எனப்படும் அந்த நெருக்கம் குறைந்தாலும், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும், சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருந்தாலும், இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இழுத்து இழுத்துச் சுற்றும், குலுங்கும், வெள்ளைப் புகை தள்ளும். அதே எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், அடுத்த ஸ்டார்ட் பாதிச் சாவியிலேயே பிடித்துக்கொள்ளும். வாங்க வருகிறவருக்குக் காட்டப்படுவது எப்போதும் அந்த இரண்டாவது ஸ்டார்ட்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்த காலையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல வண்டி முழுவதும் ஆடியது. சைலன்சரிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை. எரியாத டீசல் வெளியேறினாலும் புகை வெள்ளையாகத்தான் இருக்கும். அது கண்ணை எரிக்கும், டீசல் வாடை அடிக்கும். இந்தப் புகையில் இருந்தது ஒரு மாதிரித் தித்திப்பான வாடை. ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் எரிந்தால் வரும் வாடை அது. சற்று நேரத்தில் எஞ்சின் சமநிலைக்கு வந்து, புகையும் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

இங்கேதான் பட்டறை வருகிறது. பெரிய பெயர்ப்பலகை, சுத்தமான தரை, கணினி எல்லாம் உண்டு. நான் புகையையும் வாடையையும் சொல்லி முடிப்பதற்குள் "இன்ஜெக்டர் போய்விட்டது, நான்கையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. கம்ப்ரஷன் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு அவசியம் இல்லை என்றார்கள். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒரு பையன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தப் போனான். நான் கத்தித் தடுத்தேன்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. மெக்கானிக்கல் பம்ப் இருந்த காலத்து எஞ்சின்களில் அப்படி நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழக்கத்தில் இருந்த வழி. என் வண்டியில் இருப்பதுபோன்ற காமன் ரெயில் எஞ்சினில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிறது. அதன் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல்கூட ஏறும். ஊசிமுனை அளவு இடைவெளியில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். உள்ளே திசு அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரும். உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பட்டறைக்காரர்மீது எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டன. புதியவை என்று பில் போட்டார்கள். கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டபோது, குப்பைக்குப் போய்விட்டன என்று பதில் வந்தது. காலைப் புகை அப்படியே இருந்தது. கூடவே எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து "டுஸ்ஸு, டுஸ்ஸு" என்று ஒரு சத்தமும் புதிதாகச் சேர்ந்துகொண்டது. திரும்பப் போய்க் கேட்டால், "இனி பம்பை மாற்றிப் பார்க்கலாம்" என்றார்கள். மாற்றிப் பார்க்கலாம் என்ற சொல்லைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். டீசல் எஞ்சினைத் தவிர வேறு எதையும் தொடாதவர். வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். காலையில் தானே ஸ்டார்ட் செய்து, புகையைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டார். நான்கு பாட்டில்களிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏறியது. ஒன்று மட்டும் வேகமாக நிரம்பியிருந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆக, இன்ஜெக்டர் தேய்மானம் காரணம் இல்லை என்பது செலவே இல்லாத ஒரு சோதனையில் முடிவாகிவிட்டது.

அடுத்து கம்ப்ரஷன். டீசலுக்கென்று தனி கேஜ் வேண்டும். ஆரோக்கியமான டீசல் எஞ்சின் பெரும்பாலும் 25 பாருக்கு மேல் காட்டும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம் என்றார் பெரியவர். மூன்று சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்திருந்தன, வரிசையில் மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் கீழே கிடந்தது. அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, கம்ப்ரசரிலிருந்து காற்றை உள்ளே செலுத்தினார். "இப்போது காதை வைத்துக் கேளுங்கள்" என்றார். காற்று ஆயில் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, சைலன்சர் வழியாக வந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை. எங்கும் சத்தம் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீரின் மேலே குமிழிகள் வரிசையாக வந்து உடைந்துகொண்டிருந்தன. போயிருந்தது ஹெட் கேஸ்கெட், ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு.

ஹெட்டைக் கழற்றியபோது விற்றவரின் வேலை முழுவதும் அம்பலமானது. போல்ட் தலைகளில் புதிய ஸ்பேனர் தடம். நீர் ஓடும் துளைகளில் கசிவை அடைக்க ஊற்றும் திரவம் பழுப்பு நிறத்தில் கட்டிக்கட்டியாக உறைந்திருந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கூடுதான் இருந்தது. வால்வைப் பிடுங்கி எடுத்திருந்தார்கள். அதைப் பிடுங்கினால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், சின்ன ஓட்டத்தில் வெப்பநிலை காட்டும் முள் ஏறவே ஏறாது. ஓட்டிப் பார்த்தபோது முள் பாதிக்கும் கீழே நின்றதற்குக் காரணம் இதுதான். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கோலை வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே வளைந்துவிடக்கூடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே புதுக் கேஸ்கெட் நிலைக்காது. சூடேறியதே இல்லை என்று எனக்கு எழுதி அனுப்பிய வண்டி இது.

புது இன்ஜெக்டர்கள் என்று பில் போட்டவையும் புதியவை அல்ல. பெயிண்டுக்கு அடியில் பழைய கீறல்கள் இருந்தன. அடியில் இருக்கும் செம்பு வாஷர் ஏற்கெனவே நசுங்கியது. அதையே திரும்பப் போட்டிருந்தார்கள். அதனால்தான் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றி தார்போல் கரி படிந்திருந்தது, அந்த "டுஸ்ஸு" சத்தமும் வந்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்திருக்கும் குறியீட்டை எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். அதையும் செய்யவில்லை, கணினியில் பழைய குறியீடுகளே இருந்தன.

எஞ்சினோடு முடியவில்லை. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஓடிய வண்டி என்று சொல்லப்பட்டது. பின் ஸ்பிரிங்கில் பட்டைகளை எண்ணிப் பார்த்தபோது, இருபக்கமும் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அளவுக்கு மீறி லோடு அடித்த வண்டிக்குத்தான் அப்படிச் சேர்ப்பார்கள். சேஸிஸ் முழுக்கப் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு. ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கு அருகில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபோது பூச்சு தோலாக உரிந்து வந்தது. அதற்குள் பட்டி, பட்டிக்குள் மெல்லிய தகடு. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஸ்க்ரூடிரைவர் மறுபக்கம் வந்துவிட்டது. பாரம் முழுவதையும் தாங்க வேண்டிய இடம் அது. வேகமாகப் போகும்போது அங்கே விட்டிருந்தால் பின் அச்சே இடம் மாறியிருக்கும். கோளாறான எஞ்சினை விற்றதைக்கூட ஏமாந்தவர் மன்னித்துவிடலாம். துருப்பிடித்த சேஸிஸின் மேல் பட்டி பூசி விற்பவர், அதில் ஒரு குடும்பம் ஏறப் போகிறது என்று தெரிந்தேதான் செய்கிறார்.

மீட்டரும் திருப்பப்பட்டதுதான். ஸ்கேனர் போட்டபோது வேறொரு கணினிப் பெட்டியில் பதிவாகியிருந்த ஓட்டம் மீட்டர் காட்டியதைவிடப் பல மடங்கு. எல்லா வண்டியிலும் அப்படிப் பதிவாகாது. ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். பெடல் ரப்பர் மட்டும் புதிதாக இருப்பது, ஸ்டீயரிங்கில் புது உறை மாட்டியிருப்பது இரண்டும் கேள்வி கேட்க வேண்டிய அடையாளங்கள்.

இப்படியொரு வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் இரவு முழுக்க நின்ற எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். சூடாக இருந்தால், சொல்லப்படும் காரணம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கரியால் கறுத்துவிடும். தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும். உங்களுக்காக அன்று காலையில் மாற்றியிருக்கிறார்கள், ஒருவேளை புகையை மறைக்கக் கெட்டியான ஆயிலும் ஊற்றியிருக்கலாம். ஸ்டார்ட் செய்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே நில்லுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடங்கள் அது சில்லென்று இருக்கும், பிறகு திடீரென்று சுடும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திறங்கள். ஆயில் மூடியை, எஞ்சின் ஓடும்போது திறந்து கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு மூடி துள்ளி விழுந்தால், பேக் கம்ப்ரஷன் அடிக்கிற, அதாவது சிலிண்டர் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற அந்த எஞ்சின், முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்குத் தயாராக இருக்கிறது.

பட்டறையில் பேசும்போது, கழற்றும் ஒவ்வொரு பாகமும் உங்கள் கையில் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்த அளவைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

விற்றவரிடம் அவருடைய குறுஞ்செய்தியையும் படங்களையும் காட்டினேன். "பார்த்து ஓட்டித்தானே வாங்கினீர்கள்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பட்டறைக்காரர், பெயிண்ட் அடித்த இன்ஜெக்டர்களின் படத்தைப் பார்த்த பிறகு பாகங்களுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார், கூலியைத் தரவில்லை. இரண்டு பேர்மீதும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஹெட்டைச் சமன் செய்து, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை பார்த்து, புதுக் கேஸ்கெட், புது போல்ட், புதுத் தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். கியர் பாக்ஸ், பின் அச்சில் இருக்கும் கிரவுன் இரண்டின் ஆயில்களையும் வடித்தபோது காந்த போல்ட்டில் மெல்லிய இரும்புத் தூள்தான் ஒட்டியிருந்தது, துண்டுகள் இல்லை. அந்த இரண்டும் தப்பின. இப்போது காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது, புகை இல்லை. சேஸிஸில் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் இரும்பு வைத்து வெல்டிங் செய்யும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அது முடியும்வரை வண்டியில் பாரம் ஏற்றுவதில்லை, அதில் யாரையும் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை.